அது சாமி இல்லை, முதுகுவலி

என் அப்பா கடவுள் இல்லை என்ற கட்சி. காலையில் பாயிலிருந்து எழும்போது "அப்பனே முருகா!" என்று சொல்லிக் கையை ஊன்றி எழுந்துவிட்டு, அதன் பிறகு அன்றைக்கு முழுக்க அந்தக் கட்சியில் இருப்பார்.

இதில் ஏதோ கோளாறு இருப்பதாக எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை. வீடு என்றால் மூன்று பேர்தான்: அப்பா, அம்மா, நான். மலாய் நாட்டில், செமிலிங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். ரயில் பெட்டிகளைப்போல ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் கடைசி வீடு எங்களுடையது. அப்பாவுக்குப் புகைக்கூடத்தில் வேலை. ரப்பர் ஷீட்டுகளைக் காயவைக்கும் அடுப்புக்கு விறகு சுமந்து போடவேண்டும். விறகு அடுப்புக்குள் போய்விடும். அதன் பாரம் மட்டும் முதுகிலேயே தங்கிவிடும்.

ஒருநாள் அவர் சுங்கைப்பட்டாணிக்கு ஒரு கூட்டம் கேட்கப் போனார். போகும்போது நெற்றி நிறைய விபூதி. வரும்போது வெறும் நெற்றி. மறுநாள் சுவரிலிருந்த சாமி படங்களையெல்லாம் கழற்றி எட்டாம் நம்பர் வீட்டு அத்தையிடம் கொடுத்துவிட்டார். அடுப்புப் புகை படிந்த சுவரில், படங்கள் இருந்த இடம் மட்டும் வெளுப்பாகச் சதுரம் சதுரமாகத் தெரிந்தது. அம்மா கொஞ்ச நாள் அந்தச் சதுரங்களைப் பார்த்துக் கும்பிட்டாள்.

அப்பா முறைத்தால், "செவுத்தத்தான பாக்குறேன். அதுக்கும் உங்க கட்சில தடையா?" என்பாள்.

படங்கள் போயின, பெயர்கள் போகவில்லை. அப்பாவின் வாயில் அவை பத்திரமாகக் குடியிருந்தன. எழுந்தால் முருகா. உட்கார்ந்தால் "ராமா ராமா". கொட்டாவி வந்தால் பெருமாள். சூடான தேநீர் நாக்கைச் சுட்டால் சிவசிவா. யான் என்ற ஊரிலிருந்து நெல் விற்க வரும் மலாய்க்காரர்களோடு பழகியதில், விலையைக் கேட்டதும் "அல்லா!" என்று நெஞ்சில் கை வைப்பார். ஆணி அடிக்கும்போது சுத்தியல் விரலில் விழுந்தால் மட்டும் வெள்ளைக்காரத் துரையின் சாமி வரும். இத்தனை மதங்களையும் இவ்வளவு சமமாக நடத்திய வேறொரு மனிதரை இன்றுவரை நான் பார்க்கவில்லை. குடியிருந்த சாமிகளிடம் அவர் வாடகை கேட்டதுமில்லை. அவர்களுக்கு ஒரு சூடம் கொளுத்தியதுமில்லை.

இதைப் பிடித்துக்கொண்டு ஆட்டிவைத்தவர் தோட்டத்து மாரியம்மன் கோயில் பூசாரி. காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுவார், மாலையில் பூசை. அவரும் அப்பாவும் ஒரே கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்தவர்கள். கப்பலில் ஆரம்பித்த சண்டையை இறங்கிய பிறகும் விடவில்லை. மாலையில் வேலை முடிந்து எங்கள் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்துகொள்வார். அப்பா எப்போது எழுவார் என்று காத்திருப்பார். அப்பா கையை ஊன்றி "முருகா" என்றதும் துள்ளுவார்.

"ஏய்யா, சாமிதான் இல்லயே, இப்ப யாரக் கூப்புட்ட?"

"யாரயும் கூப்புடல. அது சாமி இல்ல, முதுகுவலி."

"முதுகுவலிக்கு முருகன்னு பேரா?"

"நீ இருமுனா லொக்குங்குற. லொக்குன்னு ஒரு சாமி இருக்கா?"

"லொக்குக்குக் கோயில் இல்லயே. இவனுக்கு மலைக்கு மலை இருக்கே!"

இப்படிப் போகும். கேலி தாங்காமல் அப்பா ஒருமுறை திருந்தப் பார்த்தார். இனிமேல் எழும்போது "அறிவே!" என்று சொல்வது என்று முடிவு. மறுநாள் காலையில் "அறிவே!" என்று கையை ஊன்றினார். பாதி எழும்பியதும் இடுப்பு பிடித்துக்கொண்டது. மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை. அம்மா தைலத்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். "சொல்லித் தொலைங்க. நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன்" என்றாள். அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல், "முருகா" என்றார். இடுப்பு விட்டுவிட்டது. அம்மா அன்று முழுவதும் சட்டி கவிழ்ந்தாலும் குடம் வழுக்கினாலும் "ஐயோ அறிவே, ஐயோ அறிவே" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அவருக்கு இருந்த சலுகை எனக்கு இல்லை. வலி இருப்பவன் சொல்லலாம், வலி இல்லாதவன் சொன்னால் அது மூடநம்பிக்கை என்பது அப்பாவின் தீர்ப்பு. இதனால் எனக்கு ஏற்பட்ட நஷ்டத்தைச் சொல்லி முடியாது. கோலி விளையாட்டில் தகராறு வந்தால் "சாமி சத்தியமா சொல்லு" என்பார்கள் பையன்கள். நான் அப்பா சொல்லிக்கொடுத்தபடி "அறிவு சத்தியமா" என்பேன்.

"உங்கிட்ட இல்லாதது மேல எப்புடிடா சத்தியம் பண்ணுவ?" என்று கேட்டான் ஒருவன். மற்றவர்கள் சிரித்தார்கள். என் சத்தியம் செல்லாது என்று முடிவானது. சத்தியம் செல்லாதவனோடு யார் கோலி ஆடுவார்கள்? நான் தனியாகவே ஆடிக்கொண்டேன். எனக்கும் எனக்கும் தகராறு வருவதில்லை.

இந்த நிலையில் ஜப்பான்காரன் வந்தான். துரை பங்களாவைப் பூட்டாமலே ஓடிப்போனார். ரப்பர் வாங்க ஆளில்லை. புகைக்கூடத்து அடுப்பு அணைந்தது. அப்பா குளிர்ந்த அடுப்பைப் பார்த்துவிட்டு வந்து, வேலையில்லாத முதுகுக்கு இன்னும் அதிகமாக வலிக்கிறது என்றார். மரங்களுக்கு நடுவே எல்லாரும் மரவள்ளி நட்டோம். காலையில் அவித்த கிழங்கு, மதியம் சுட்ட கிழங்கு, மாலையில் காலையில் அவித்த கிழங்கு. அரிசியை மறந்தே போனோம்.

பிறகு ஒருநாள், வேலைக்குப் பேர் கொடுக்கும் காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையில் நிற்கவைத்து ஒரு செய்தி சொன்னார்கள். சயாமில் ரயில் பாதை போடுகிறார்கள். மூன்று மாத வேலை, நல்ல சம்பளம், வயிறு நிறைய அரிசிச் சோறு. லயத்துக்கு இத்தனை பேர் என்று அவர்களே பெயரையும் படித்தார்கள். அதில் அப்பா பெயர் இருந்தது. எட்டாம் நம்பர் மாமா பெயரும் இருந்தது. பூசாரியை மட்டும், கால் வளைந்தவர் என்று விட்டுவிட்டார்கள்.

லாரி வந்த அன்று பூசாரி கோயிலிலிருந்து தட்டை எடுத்துக்கொண்டு வந்து, ஏறப்போகிற ஒவ்வொருவர் நெற்றியிலும் விபூதி பூசினார். அப்பா முறை வந்தபோது அப்பா தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். விபூதி சட்டையில் கொட்டியது.

"சட்டைக்குத்தான் பூசுன. எனக்கில்ல" என்றார் அப்பா.

"சட்டை நல்லாருந்தா சரி. உள்ள இருக்குறவனும் அதோடதான வருவான்" என்றார் பூசாரி.

அப்பா குனிந்து என் தலையைப் பிடித்து, "நான் வர்ற வரைக்கும் இந்த வீட்டுக்கு நீதான்டா கட்சி" என்றார். லாரியின் பின்பலகை உயரம். அப்பா ஒரு காலைத் தூக்கி வைத்து, இரண்டு கையாலும் பிடித்து, "அப்பனே முருகா!" என்று ஏறினார். சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

"லாரி உசரம், அதான்" என்று மேலேயிருந்து சொன்னார். வழக்கமாக முதலில் துள்ளும் பூசாரி அன்று சிரிக்கவில்லை.

மூன்று மாதம் போனது. அப்புறம் யாரும் மாதத்தைப் பற்றிப் பேசவில்லை.

அம்மா விடியும்முன் எழுந்து, தோட்டத்தின் மறுகோடியில் காடு வெட்டிக் கிழங்கு போடும் வேலைக்குப் போய்விடுவாள். வருவதற்கு மாலையாகிவிடும். நான் பகல் முழுக்க வீட்டில் தனி. அப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்ற, தினமும் கட்சிக் கூட்டம் நடத்தினேன். தலைவர் நான். பேச்சாளர் நான். கூட்டத்துக்கு வந்தது சுவரிலிருந்த பல்லி ஒன்று. நான் என்ன சொன்னாலும் அங்கிருந்தே "இச் இச்" என்று ஆமோதிக்கும். பல்லி சொல்லுக்குப் பலன் பார்ப்பது மூடநம்பிக்கை என்று நான் கண்டித்துப் பேசியபோதுகூட அது "இச்" என்றுதான் சொன்னது. அவ்வளவு விசுவாசமான தொண்டன் எந்தக் கட்சிக்கும் கிடைத்திருக்காது. ஒருநாள் அதுவும் வாலைப் போட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டது. அன்று கூட்டம் நடக்கவில்லை. வாலுக்கு முன்னால் கொஞ்ச நேரம் பேசிப் பார்த்தேன். அது துடித்தது, அவ்வளவுதான்.

மாலையில் லயத்துப் பெண்களெல்லாம் பிள்ளைகளோடு கோயிலுக்குப் போவார்கள். பூசாரி விளக்கேற்றி, சயாமுக்குப் போன ஒவ்வொருவர் பெயரையும் மாரியம்மன் முன்னால் சொல்லுவார். முடிந்ததும் கிழங்கில் கடுகு தாளித்துத் தேங்காய் துருவிப் போட்டு ஆளுக்குக் கொஞ்சம் கொடுப்பார். நான் வேலிக்கு வெளியே நிற்பேன். கோயிலுக்குள் போகக் கட்சியில் தடை. வாசனை பிடிக்கத் தடை இல்லை. கிழங்கு வாங்கிய பையன்கள் வேண்டுமென்றே வேலியோரமாக வந்து நின்று தின்பார்கள். யாரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டிருந்தால் நான் போயிருக்கவும் மாட்டேன். ஆனாலும் கூப்பிடாமலிருப்பது வேறு விஷயம் இல்லையா?

ஒருநாள் வேலிக்கு வெளியே நின்றபோது, பூசாரி அப்பா பெயரையும் சேர்த்துச் சொல்வது காதில் விழுந்தது. எனக்கு ஆத்திரம் வந்தது. பூசை முடிந்து அவர் வெளியே வந்ததும் வழியை மறித்தேன்.

"எங்கப்பா பேர எதுக்குச் சொன்னீங்க? அவரு உங்க சாமிய நம்புறவரு இல்ல."

பூசாரி வளைந்த காலோடு குனிந்து என்னைப் பார்த்தார். "உங்கப்பனுக்காகச் சொல்லலடா. எனக்குச் சண்ட போட ஆளு வேணும்ல?" என்றார். கையிலிருந்த இலையை நீட்டினார். நான் வாங்காமல் வீட்டுக்கு ஓடிவந்து, அப்புறம் வெகுநேரம் அந்தக் கிழங்கையே நினைத்துக்கொண்டிருந்தேன். கொள்கைக்கு வயிறு கிடையாது என்பது பொய்.

இப்படி இருக்கையில் எட்டாம் நம்பர் மாமா திரும்பி வந்தார். லாரியில் போனவர்களில் எங்கள் லயத்துக்குத் திரும்பிய முதல் ஆள் அவர். பாதி வழி சாமான் ரயிலில் ஒளிந்தும், மீதி வழி காட்டுக்குள் நடந்தும் வந்ததாகச் சொன்னார்கள். நான் முதலில் அவரை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. கோயில் வாசலில் கட்டும் வைக்கோல் பொம்மைக்கு மாமாவின் கண்ணை எடுத்து ஒட்டியதுபோல இருந்தார். ஜப்பான்காரன் காதுக்குப் போனால் திரும்பவும் பிடித்துப்போவான் என்று அத்தை அவரை வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தாள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அங்கே போனாள். பூசாரியும் வந்தார்.

மாமா அம்மாவைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினார்.

"கழிச்சலு வந்துருச்சு தங்கச்சி. கொட்டாய் முழுக்க அதான். மச்சானுக்கு ரெண்டு நாளா எந்திரிக்க முடியல. மூணாம் நாளு காலைல எங்கள வேலைக்கு வெரட்டுறான். நான் போறேன் மச்சான்னேன். கைய ஊனுனாரு. 'முருகா'ன்னாரு. அத்தோட எங்களத் தள்ளிக்கிட்டுப் போயிட்டான். சாயங்காலம் வந்து பாத்தா அந்தக் கொட்டாயே இல்ல. எரிச்சிருந்தானுவ."

அத்தை வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அம்மா அழவில்லை. "முருகான்னா சொன்னாரு?" என்று கேட்டாள்.

"ஆமா தங்கச்சி. இந்தக் காதால கேட்டேன்."

பூசாரி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "கூப்புட்டுட்டான்யா" என்று துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "கடைசில கூப்புட்டுட்டான்."

அன்று மாலைக்குள் செய்தி லயம் முழுக்கப் பரவிவிட்டது. என் அப்பா கடைசி மூச்சில் பக்தராகிவிட்டார். அதுவரை எங்கள் வீட்டு வாசலை ஓரமாகத் தாண்டிப்போன கிழவிகள்கூட உள்ளே வந்து உட்கார்ந்து, "முருகன் பாதத்துக்குப் போயிட்டாரும்மா, கொடுத்துவச்ச மனுசன்" என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். கோலியில் என்னைச் சேர்க்காத பையன்கள் வந்து என்னைச் சும்மா பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவன் தன் கோலி ஒன்றைக் கொடுத்தான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாமா சொன்னதை நானும்தானே கேட்டேன்? அதில் அழுவதற்கு என்ன இருக்கிறது?

பூசாரி முன்னின்று கருமாதிக்கு ஏற்பாடு செய்தார். லயத்தில் வீட்டுக்கு ஒரு பிடி அரிசி என்று திரட்டினார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடி அரிசி எங்கேயோ ஒளிந்திருந்தது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அந்த அரிசியைப் பார்த்ததும் என் கட்சி கொஞ்சம் ஆட்டம் கண்டது. சோறு, பருப்பு, முடிந்தால் வடையும் என்று பேசிக்கொண்டார்கள். வடை என்ற சொல்லையே நான் ஜப்பான்காரன் வந்தபிறகு கேட்கவில்லை. ஆகவே பொழுது விடியும்போது என்னை ஆற்றங்கரைக்கு அழைத்துப்போனபோது, எதற்கு என்று அதிகம் விசாரிக்காமல் நடந்தேன்.

ஆற்றங்கரையில் ஒரு கல்லில் என்னை உட்காரவைத்தார்கள். தலையில் தண்ணீர் தெளித்தார்கள். தோட்டத்து நாவிதர் கத்தியைத் தீட்டிக்கொண்டு எதிரே குந்தினார். அம்மா நாலு பெண்களுக்கு நடுவில் தள்ளி நின்றாள். ஒரு கிழவியின் கையில் வெள்ளைச் சேலை மடித்திருந்தது. எட்டாம் நம்பர் மாமா தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு மரத்துக்குப் பின்னால் நின்றார்.

நாவிதர் முன்நெற்றியிலிருந்து உச்சிவரை ஓர் இழுப்பு இழுத்தார். ஒரு கொத்து முடி மடியில் விழுந்தது.

"எதுக்கு மொட்ட?" என்று கேட்டேன்.

"அப்பாவுக்கு நீதான்டா செய்யணும்" என்றார் பூசாரி. "மகன் நீ செஞ்சாத்தான் அவன் போற எடத்துக்குப் போயிச் சேருவான்."

"எங்க போறாரு?"

நாவிதர் கத்தியை மறுபடி தீட்டினார். அப்போதுதான் வடைக்கும் மொட்டைக்கும் வெள்ளைச் சேலைக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு உறைத்தது. இவர்கள் அப்பா செத்துப்போனதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்! எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, சிரிப்பு. இத்தனை பெரியவர்களும் சேர்ந்து இவ்வளவு பெரிய தப்பா?

கல்லின் மேல் ஏறி நின்றேன். கட்சியின் முதல் பொதுக்கூட்டம்.

"எங்கப்பா சாகல" என்றேன். "அவரு முருகான்னா எந்திரிக்கிறாருன்னு அர்த்தம். உக்காந்தா ராமா ராமாம்பாரு. கொட்டாவி வந்தா பெருமாளேம்பாரு. எந்திரிக்கிறப்ப மட்டுந்தான் முருகா. மாமா கேட்டது முருகாதான? கைய ஊனுனாருல்ல? அப்ப எந்திரிச்சிட்டாரு. எந்திரிச்சவரு எப்புடிச் சாவாரு? எந்திரிச்சு நடந்து வந்துகிட்டு இருக்காரு."

மரத்துக்குப் பின்னாலிருந்த மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் பூசாரியைப் பார்த்தேன்.

"நீங்களே சொல்லுங்க. தினமும் பாத்தீங்கல்ல? அது சாமி இல்ல, முதுகுவலி."

கப்பலிலிருந்து இறங்கிய நாள் முதலாக அப்பாவுக்கு ஒரு பதிலும் பாக்கி வைக்காத பூசாரி வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே இருந்தது. அப்பாவால் முடியாததை நான் முடித்துவிட்டேன் என்று எனக்கு மார்பு விம்மியது. அவர் வந்ததும் முதலில் இதைத்தான் சொல்லவேண்டும்.

அம்மா பெண்களை விலக்கிக்கொண்டு வந்தாள். கல்லிலிருந்து என்னை இறக்கினாள். மடியில் ஒட்டியிருந்த முடியைத் தட்டிவிட்டாள்.

"பையன் சொல்றது சரிதான்" என்றாள். "அவரு எந்திரிக்கத்தான் அப்புடிச் சொல்வாரு."

"என்னம்மா இது, பச்சப்புள்ள பேச்சக் கேட்டுக்கிட்டு!" என்றாள் சேலை வைத்திருந்த கிழவி. "புள்ளைக்குத்தான் தெரியாது. ஒனக்குமா?"

"வீட்டுக்குப் போலாம் வா" என்று அம்மா என்னிடம் சொன்னாள், அந்தக் கிழவி அங்கே இல்லாததுபோல.

திரும்பும் வழியில் நாவிதர் பின்னாலேயே வந்து, பாதியில் விட்டால் நன்றாக இருக்காது, மிச்சத்தையாவது எடுத்துவிடுகிறேன் என்றார். அம்மா வேண்டாம் என்றுவிட்டாள். ஆகவே நடுமண்டையில் ஒரு வரப்போடு, இரண்டு பக்கமும் பயிரோடு, நான் பல நாள் திரிந்தேன். சுங்கைப்பட்டாணிக்கு ரோடு போட்டிருக்கிறது பார் என்று பையன்கள் சொன்னார்கள். கொடுத்த கோலியையும் ஒருவன் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டான். கொள்கைக்காகத் தலையைக் கொடுத்தவர்கள் உண்டு. கால்வாசித் தலை கொடுத்தவன் நானாகத்தான் இருப்பேன்.

கருமாதி நின்றுபோனாலும் ஊறவைத்த அரிசி நிற்கவில்லை. அதை வடித்துத்தான் ஆகவேண்டும். மதியம் பூசாரி ஓர் இலைப் பொட்டலத்தோடு வாசலில் வந்து நின்றார். வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்காரவில்லை.

நான் உள்ளேயிருந்தபடியே கேட்டேன், "சாமிக்குப் படைச்சதா?"

"இல்லடா."

"எங்கப்பாவுக்குப் படைச்சதா?"

"யாருக்கும் படைக்கல. இது வெறும் சோறு. தின்னுடா" என்றார். பொட்டலத்தை வைத்துவிட்டு, வளைந்த காலை இழுத்துக்கொண்டு போய்விட்டார். நான் தின்றேன். வடை இல்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை. அம்மா பொட்டை அழிக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை. அவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று தண்ணீர்க் குழாயடியில் பேசிக்கொண்டார்கள். அவள் வேலைக்குப் போவதும் வருவதும் மாறவில்லை. பேச்சு மட்டும் குறைந்துவிட்டது. சட்டி கவிழ்ந்தாலும் இப்போது எந்தப் பெயரையும் சொல்லாமல் எடுத்து வைத்தாள். நான் வாசலில் உட்கார்ந்து, மண்சாலை திரும்பும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சயாமிலிருந்து நடந்து வருவதென்றால் நேரமாகும்தான்.

ஒரு மாலை. ஜெராய் மலைப் பக்கம் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. நான் அடுப்படியில் தரையில் உட்கார்ந்து சுள்ளிகளை ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். வெகுநேரம் உட்கார்ந்ததில் கால் மரத்துப்போனது. ஒரு கையைத் தரையில் ஊன்றினேன். என்னை அறியாமல், அப்பா இழுப்பதுபோலவே தொண்டையின் அடியிலிருந்து இழுத்து, நடுவில் ஓர் இடத்தில் லேசாக முனகி, "அப்பனே முருகா" என்று எழுந்தேன்.

வாசலில் தடதடவென்று சத்தம். அம்மா நின்றாள். தலைச்சுமையாகக் கொண்டுவந்த விறகு முழுக்க அவள் காலடியில் சிதறிக் கிடந்தது.

எனக்கு உயிரே போய்விட்டது. கட்சியின் ஒரே ஆள், அப்பா இல்லாத நேரத்தில், வலியும் இல்லாமல், சாமி பேரைச் சொல்லிப் பிடிபட்டுவிட்டான்.

"சாமி கும்புடலம்மா" என்றேன் அவசரமாக. "அறிவு சத்தியமா கும்புடல. எந்திரிச்சேன், அவ்வளவுதான்."

"தெரியும்" என்றாள் அம்மா. விறகை எடுக்கவில்லை. "இன்னொருக்கா எந்திரி" என்றாள்.

நான் உட்கார்ந்தேன். கையை ஊன்றி, அதே மாதிரி சொல்லி, எழுந்தேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. வாசற்படியில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"இன்னொருக்கா."

இது தோப்புக்கரணம் என்று எனக்குப் புரிந்துபோனது. செய்த குற்றத்துக்குத் தண்டனை. எத்தனை என்று சொன்னால் எண்ணிக்கொண்டு செய்யலாம், அவள் சொல்லவில்லை. நான் நிறுத்தும்போதெல்லாம், திரும்பாமலே, "ம்" என்பாள். என் முகத்தைப் பார்க்கக்கூடப் பிடிக்காத அளவுக்குக் கோபம் போலிருக்கிறது என்று பயந்துகொண்டு, கால் கடுக்கக் கடுக்க, முருகா முருகா என்று நான் எழுந்துகொண்டே இருந்தேன்.